ஆறாவது வரி

கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், வில்லங்கச் சான்று, ஆதார் திருத்தம், டைப்பிங் என்று நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் காகிதங்களோடுதான் என் பிழைப்பு. அடித்துக் கொடுத்த காகிதத்தை இன்னொரு தடவை திருத்தச் சொன்னாலே எனக்கு முகம் கடுகடுத்துவிடும். அப்படிப்பட்ட என்னை ஒரே பக்கத்தை ஆறு தடவை அடிக்க வைத்தவர் காளியாத்தாள் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்து நான்கு வயதில் கட்டட வேலைக்கு வந்து, இருபத்தாறு வருடம் சித்தாளாக இருந்தவர். பொள்ளாச்சி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் மாடி வீடுகளில் பாதிக்கு அவர் தலையில் ஏறிப் போன செங்கல்தான். கணவர் அங்கப்பன் கொத்தனார். ஏழு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் முட்டி வலி தாங்காமல் அக்கா வேலையை விட்டுவிட்டு, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். என் கடைக்கும் அவர் மாவுதான். கொஞ்சம் புளிப்பாக இருக்கும், சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அங்கப்பன் இருந்தபோது சீட்டுப் பணத்தில் வாங்கிப் போட்ட இரண்டரை சென்ட் மனை ஒன்று இருந்தது. கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தமிழ்வேந்தன் பேரில் பேங்க் லோன் கிடைத்ததும் அக்கா வீட்டு வேலையைக் கையில் எடுத்தார். அறுநூறு சதுர அடி. அடிக்கு இரண்டாயிரத்து நூற்றைம்பது என்று பில்டர் தனபாலிடம் முடிவானது. லோன், சேமிப்பு, தோடு, வளையல் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் அதற்குமேல் அக்கா கையில் மிஞ்சியது தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய்.

அந்தத் தொண்ணூற்றைந்தில்தான் எல்லாம் இருந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்பது சுவரும் கூரையும் கதவும் மட்டும். மனையைச் சமன் செய்வது, தற்காலிகக் கரண்ட், தண்ணீர், சிமெண்ட் வைக்க ஷெட், காவல் என்று இன்னொரு பட்டியல் தனியாக வரும். அதற்குப் பெயர் சைட்டுச் செலவு. அதில் யாரும் கறாராகப் பேசமாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பேசுவது மரியாதைக் குறைவு. பில்டர் "சுமாரா இவ்வளவு வருமுங்க" என்பார், வீட்டுக்காரர் "பாத்துச் செய்யுங்க" என்பார், இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். அப்புறம் அந்தச் 'சுமார்' கையைக் கடிக்கும்.

"ஊடு நின்னு போறது சதுர அடியில இல்ல கண்ணு, இந்தச் சுமார்லதான்," என்றார் அக்கா முதல் நாளே. "ஜன்னலுக்கு மேல லிண்டல் மட்டத்துல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது பாரு, அத மாதிரி ஒம்பது ஊட்டுல நான் வேலை செஞ்சிருக்கேன். அதுல ரெண்டு ஊட்டுல இப்ப ஆடு கட்டியிருக்காங்க. என்ற ஊடு அப்படி நிக்கப்படாது. அடியில பாறையே வந்தாலும் தொகை மாறப்படாது. பேப்பர்ல வேணும்."

தனபால் கொண்டுவந்த பட்டியலில் ஏழு வரி. கூட்டுத்தொகை ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அதைப் படித்துக் காட்டியதும் அக்கா பதறுவார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்று எழுந்துவிட்டார்.

தனபாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயது இஞ்சினியர், தோட்டம் துரவு உள்ள குடும்பம், கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் அக்கா ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் "ஏ காளியாத்தா, அந்தச் சட்டிய எடு" என்றவர், இப்போது என் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு "உக்காருங்க" என்றார். அக்கா நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அட்வான்ஸ் கொடுக்கிற கைக்கு எங்கள் ஊரில் மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அக்காவுக்கு எப்படி இருந்தது என்று முகத்தில் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு வரிதான் பேசுவார் அக்கா. முதலில் மழை, தேங்காய் விலை, தனபாலின் பெண் குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாம் விசாரித்துவிட்டு, மெதுவாக வரியில் கை வைப்பார். சண்டையே கிடையாது. தான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வார்.

"ஏனுங்க சார், ஷெட்டுத் தகரமெல்லாம் புதுசுங்களா?"

"இல்லீங்க, கைவசம் இருக்கறதுதானுங்க," என்றார் தனபால்.

"அதானுங்க. அந்தத் தகரத்த ஏத்தி எறக்குனதே நாந்தானுங்க. ஏழு சைட்டு பாத்துப்போட்டுதுங்க. அதுக்கு வாடகை இருவத்தஞ்சாயிரம்னா, ஒம்பது வருசத்துல என்ற கூலிகூட அத்தன வேகமா ஏறலீங்களே."

தனபால் சிரித்துவிட்டார். தகரம் பத்தாயிரத்துக்கு இறங்கியது. மனையைச் சமன் செய்ய இருபத்திரண்டாயிரம் போட்டிருந்த ஜேசிபி பன்னிரண்டாயிரத்துக்கு வந்தது, ஏனென்றால் பக்கத்து மனையில் அந்த வேலை எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்று அக்கா உட்கார்ந்து பார்த்திருந்தார். தண்ணீரில் பத்தாயிரம் குறைந்தது. காவலுக்குத் தனபால் நாற்பத்தெட்டாயிரம் கேட்டிருந்தார். லிண்டல் வரைக்கும் திருட என்ன இருக்கிறது, வயரிங் வந்த பிறகு ஆள் போட்டால் போதும் என்று அக்கா அதைப் பாதியாக்கினார். கரண்டுக்கான பதினெட்டாயிரத்தைத் தொடவில்லை. ஆனால் ஆபீஸில் கட்டும் டெபாசிட் திரும்பி வரும்போது தன் கைக்கே வர வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார். அது திரும்பி வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசி வரி 'இதரச் செலவுகள், பதினாறாயிரம்'.

"இதரன்னு ஒருத்தரு எந்த சைட்டுக்கும் வந்து நான் பாத்ததில்லீங்க," என்றார் அக்கா.

அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் நான் புதிதாக அடித்து, பிரிண்ட் எடுத்து, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் அடித்தேன். ஆனாலும் மாலையானால் இன்றைக்கு எந்த வரி என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாவது நாள் தனபால் மொபைலில் கூட்டிப் பார்த்தார். "ஒரு லட்சத்துப் பத்துங்க. இதுக்குமேல எனக்குக் கட்டுபடியாகாதுங்க. நெசமாலுமே."

"என்ற கையில தொண்ணூத்தஞ்சுதானுங்க இருக்குது," என்றார் அக்கா.

வெளியே பொள்ளாச்சி பஸ் வந்து நின்று போனது. தனபால் காகிதத்தை மறுபடி எடுத்து ஆறாவது வரியில் விரலை வைத்தார். 'வேலையாட்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை, பதினாறாயிரம்.' பேங்க்கில் கேட்கிறார்கள் என்று இப்போதெல்லாம் எல்லாப் பட்டியலிலும் அந்த வரியைப் போடுவாராம்.

"சின்ன சைட்டுதானுங்க. இத எடுத்துப்போட்டா தொண்ணூத்து நாலுல நின்னுக்கும். ஆளுங்க அக்கட்ட இக்கட்ட போய்க்குவாங்க."

"எடுத்துருங்க," என்றார் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான் அந்த வரியை அழித்தேன். தகரத்துக்கு அவ்வளவு பேசியவர் இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கும் உறைக்கவில்லை. நூறு ரூபாய் பத்திரத்தாளில், 'இத்தொகையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது' என்று அக்கா சொன்னபடியே அடித்துக் கையெழுத்து வாங்கினோம். அன்றைக்கு அக்கா எனக்கு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். கையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் வேறு. இருவருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை.

பங்குனியில் வேலை ஆரம்பித்தது. மனை வடக்குப் பார்த்தது, ரோட்டோரம். எதிரே தென்னந்தோப்பு. ஒரு கொத்தனார், இரண்டு ஆண்கள், இரண்டு சித்தாள்கள். அக்கா தினமும் பத்தரை மணிக்குத் தூக்குப் போசியில் மோர் எடுத்துப் போவார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காலை பதினொன்றரைக்கு அக்கா என் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. தூக்குப் போசியைக் கவுண்டரில் வைத்தார். அதில் மோர் பாதி அப்படியே இருந்தது.

"ஹுமேரா கண்ணு, அந்தப் பேப்பர எடு. அழிச்சமே ஒரு வரி, அத மறுக்காப் போடு."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். நின்றபடியே சொன்னார். சித்தாள்களில் ஒருத்தி அன்புக்கரசி, இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். அவளிடம் மோர் டம்ளரை நீட்டியிருக்கிறார். வெயிலில் உதடு வெடித்து நின்றவள், "அப்பறமாக் குடிச்சுக்கறேனுங்க்கா," என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தியும் அதையே சொன்னாளாம். ஆண்கள் மூன்று பேரும் இரண்டிரண்டு டம்ளர் குடித்தார்கள்.

"அந்த 'அப்பறமா' எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருசம் நான் சொன்னதுதான அது. பொழுது உளுந்து ஊட்டுக்குப் போற வரைக்கும் ஒரு மொடக்குத் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு வேலை செஞ்சு, நீர்க்கடுப்புல எத்தன நாள் அழுதிருக்கேன். முன்ன புதராச்சும் இருந்துது. இப்ப எதுத்த தோப்புக்குக் கம்பி வேலியும் கேமராவும் போட்டுட்டாங்க. அதுங்க எங்க போகும்?"

என் கடைக்குப் பக்கத்துப் பேக்கரியின் பின்னால் உள்ள கழிப்பறைக்குச் சாவி என் மேஜை டிராயரில் கிடக்கிறது. அந்த வரியை அழிக்கும்போது அது என் முழங்கைக்குக் கீழேதான் இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

"வேற பொம்பள எவளாச்சும் அத எடுக்கச் சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன் கண்ணு. நானே சொல்லிப்போட்டேன். அது ஒரு செலவுன்னே மனசுல படல. இல்லாமயே இருந்து பழகிப்போச்சு எனக்கு."

தனபாலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "போட்டுக் குடுத்தர்றேனுங்க. பதினாறு அனுப்பிருங்க. நீங்கதானுங்க கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்னீங்க. இதரயும் எடுத்துப்போட்டீங்க. இதுல நான் எங்கிருந்துங்க போடறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

தமிழ்வேந்தன் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவனிடமும் சொல்லியிருக்கிறார். "எல்லா சைட்டுலயும் இப்படித்தானம்மா. நீ சமாளிக்கலையா?" என்றானாம். நல்ல பையன்தான், கணக்குப் பார்த்துப் பேசினான். பதினாறாயிரத்தை எடுத்தால் ஜன்னலுக்குக் கதவு இருக்காது. "நான் சமாளிச்சது உனக்குத் தெரியுமாடா," என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா படுத்துவிட்டார்.

மறுநாள் காலை என் கடை ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா நின்றிருந்தார். வீட்டு பிளான் நகலைக் கேட்டார். படிக்கத் தெரியாது, ஆனால் பிளான் பார்க்கத் தெரியும். கவுண்டரில் விரித்து, வடமேற்கு மூலையில், ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது வெளிக் கக்கூஸு. எப்படியும் கட்டத்தான போறாங்க, கடைசியா. அத மொதல்ல கட்டட்டும். காசு ஒன்னும் கூடாதில்ல?"

கேட்டதும் எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஆனால் தனபால் வந்து பிளானைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அதுதானுங்க லாரி உள்ள போற வழி. மனை அகலமே இருவத்துநாலு அடி. அந்த மூலைல கக்கூஸும் செப்டிக் டேங்க் குழியும் வந்துட்டா மணல், செங்கல், ஜல்லி எல்லாம் ரோட்டுலதான் கொட்டோணும். அங்கிருந்து உள்ளுக்கு நாப்பதடி தலைச்சுமை. ஊடு முடியற வரைக்கும். அந்தக் கூலிய யாருங்க குடுப்பாங்க?"

"கூலி வேண்டாமுங்க. நான் தூக்கறேன்."

தனபால் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு முட்டி ஆகாதுங்களே."

"அது என்ற முட்டிங்க."

"கக்கூஸ்ல ஆரம்பிச்சு ஊடு கட்டுனா ஊரு சிரிக்குமுங்க," என்றார் தனபால், கடைசி முயற்சியாக.

"சிரிக்கறவங்க எல்லாம் காலைல எங்கீங்க போயிட்டு வந்து சிரிக்கறாங்க?"

தனபாலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, செப்டிக் டேங்க் குழியை முன்கூட்டித் தோண்டும் செலவைத் தனியாகக் கேட்கமாட்டேன் என்றார். பழைய ஒப்பந்தத்தோடு சேர்த்து வைக்க இன்னொரு பக்கம் அடித்தேன். 'வெளிக் கழிப்பறை முதலில் கட்டப்படும். லாரியிலிருந்து உள்ளே பொருட்களைச் சுமக்கும் வேலை வீட்டு உரிமையாளரைச் சேர்ந்தது.' அக்கா கையெழுத்துப் போட்டார். இருபது ரூபாயை வேண்டாம் என்றேன். கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு நாளில் அது எழும்பியது. நாலுக்கு ஐந்தடி, மேலே சிமெண்ட் ஷீட், தகரக் கதவு, உள்ளே பீங்கான், மூலையில் தண்ணீர் டிரம். சுற்றிலும் வெறும் அஸ்திவாரக் குழி, நடுவில் கக்கூஸ் மட்டும் தனியாக நின்றது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பைக்கை நிறுத்தி போட்டோ எடுத்தவர்களும் உண்டு. அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் கழற்றிய தலைச்சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டிலிருந்து உள்ளே செங்கல் சுமந்தார். முன்பு பத்துக் கல் தூக்கியவர், இப்போது ஆறு. ஒவ்வொரு நடைக்கும் வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்வேந்தன் வந்து ஜல்லியை அள்ளிக் கொட்டினான்.

கதவு மாட்டிய அன்று மதியம் நான் கடையைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போனேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஒரு மக்கும் வைத்து, அக்கா அன்புக்கரசியைக் கூப்பிட்டார்.

"போ அம்மணி, போயிட்டு வா."

அன்புக்கரசி நகரவில்லை. இன்னொரு சித்தாளும் தலையைக் குனிந்துகொண்டாள். "புது ஊட்டுதுங்க. ஊட்டுக்காரங்க இன்னும் பொழங்கல. நீங்க போகாம நாங்க எப்படீங்க்கா மொதல்ல போறது?"

அக்கா என்னைப் பார்த்தார். மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வெகு நேரம் ஆனது. கொத்தனார் ஏதோ கேட்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. முட்டி பிடித்துக்கொண்டதோ என்று பயந்து நான் கதவைத் தட்டப் போகும்போது திறந்தது. அக்கா முகத்தைக் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"எத்தனையோ ஊடு கட்டியிருக்கேன். அத்தன ஊட்டுக் கக்கூஸுக்கும் நாந்தான் கல்லு சொமந்தேன். ஒருத்தரு ஊட்டுலகூட உள்ள போன்னு சொன்னதில்ல கண்ணு. நான் கட்டுன ஊட்டுல நான் போறது இன்னிக்குத்தான்."

அன்புக்கரசி அக்காவின் கையிலிருந்து மக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.